பண்ணை நிலம், பள்ளிக் கட்டணம்: பிரிட்டனில் ஒரு வரிச் சண்டை

பிரிட்டனில் 2024 ஜூலையில் ஆட்சிக்கு வந்த தொழிலாளர் கட்சி, ஆறு மாதத்துக்குள் இரண்டு வரிகளைக் கையிலெடுத்து, இரண்டு வகைக் குடும்பங்களை ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்டது. தனியார் பள்ளிக் கட்டணத்தின் மீது 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. விவசாய நிலம் வாரிசுக்குப் போகும்போது இருந்துவந்த முழு வரிவிலக்கு 2026 ஏப்ரல் முதல் குறைக்கப்படும் என்று, அதற்கு முன்பே, 2024 அக்டோபர் 30 அன்று வாசித்த பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்திருந்தார். மூன்று வாரம் கழிவதற்குள், நவம்பர் 19 அன்று, விவசாயிகள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தெருக்களில் திரண்டார்கள்.

பெரம்பூரில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து வருமான வரிப் படிவமும் ஜிஎஸ்டி கணக்கும் எழுதிப் பிழைக்கிற எனக்கு லண்டன் பட்ஜெட்டில் என்ன வேலை என்று கேட்கலாம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பொன்னேரிப் பக்கமோ சோழவரத்துப் பக்கமோ கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஏறக்குறைய எல்லோருடைய பிள்ளைகளும் ஏதோ ஒரு மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். ஆகவே அந்தச் சண்டை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. அதைப் பற்றி நம்மூரில் பேசுகிறவர்கள் இரண்டு வரிகளையும் "பணக்காரன் மீது வரி" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டிலும் நடந்தது ஒரு பழைய சலுகையைத் திரும்ப வாங்கிய காரியம். சலுகை என்பதும் அரசுக்கு ஒரு செலவே. ஆனால் அது பட்ஜெட் உரையில் செலவுப் பக்கத்தில் வருவதில்லை என்பதால், அனுபவிக்கிறவர் அதைப் பிறப்புரிமை என்றே நம்பிவிடுகிறார், எடுக்கும்போது புது வரி என்று அலறுகிறார். இதைச் சொன்ன பிறகும், எந்தச் சலுகையை, யாரிடமிருந்து, எந்த வேகத்தில் எடுப்பது என்பதில் நியாய அநியாயம் இருக்கிறது.

முதலில் நிலம். பிரிட்டனில் ஒருவர் இறந்தால், அவர் விட்டுச் செல்லும் சொத்தில் 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட பகுதிக்குப் பொதுவாக 40 சதவீத வரி உண்டு. விவசாய நிலத்துக்கான தனிச் சலுகை 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தாலும், 1992-இல்தான் அது நூற்றுக்கு நூறு ஆனது. தகப்பன் செத்த வருடத்தில் வரி கட்டுவதற்காக மகன் பாதி நிலத்தை விற்கும் நிலை வரக்கூடாது என்பது நோக்கம். நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வரியே இல்லாத சொத்து ஒன்று சந்தையில் இருக்கிறது என்று தெரிந்ததும், உழுகிறவன் மட்டுமா வாங்க வருவான்? தொலைக்காட்சிப் பிரபலம் ஜெரமி கிளார்க்சன், தாம் பண்ணை வாங்கியதற்கு வாரிசு வரியைத் தவிர்ப்பதும் ஒரு காரணம் என்று முன்பு தம் வாயாலேயே சொன்னவர். அதே கிளார்க்சன் நவம்பர் 19 ஊர்வலத்தில் விவசாயிகளின் தோழராக நின்றார். 2021-22 நிதியாண்டில் இந்தச் சலுகையின் மொத்த மதிப்பில் 40 சதவீதத்தை, அதாவது 21.9 கோடி பவுண்டை, வெறும் 117 சொத்துகள் எடுத்துக்கொண்டன என்று அந்நாட்டு வரித்துறைக் கணக்கு சொல்கிறது. அவை மொத்தக் கோரிக்கைகளில் 7 சதவீதம்தான்.

இந்தப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு ரீவ்ஸ் வகுத்த விதி இது: முதல் 10 லட்சம் பவுண்டு மதிப்புக்கு முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு. வரியை வட்டியில்லாமல் பத்து ஆண்டுத் தவணையில் கட்டலாம். காகிதத்தில் மென்மையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்காமல் ஒரு வரியைப் பற்றி அபிப்பிராயம் சொல்வது என் தொழிலுக்கு அழகில்லை. 400 ஏக்கர் பண்ணை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏக்கர் 10,000 பவுண்டு என்றால் மதிப்பு 40 லட்சம். முதல் 10 லட்சம் போக 30 லட்சம், அதில் பாதி விலக்குப் போக 15 லட்சம், பொது விலக்கான 3,25,000-ஐக் கழித்தால் 11,75,000. இதில் 40 சதவீதம் 4,70,000 பவுண்டு. பத்துத் தவணையாகப் பிரித்தால் ஆண்டுக்கு 47,000. நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஒன்று வருமானம் வருவதே அங்கே நல்ல ஆண்டு. அப்படி வைத்துக்கொண்டாலும் அந்தப் பண்ணை தருவது 40,000 பவுண்டு. பத்து ஆண்டுக்கு முழு வருமானத்தையும் வரியாகக் கட்டிவிட்டு, மேலே 7,000 பவுண்டைக் கைக்காசிலிருந்து போட வேண்டும். கணவனும் மனைவியும் முறையாகத் திட்டமிட்டிருந்தால் பாரம் வெகுவாகக் குறையும் என்று அரசு பதில் சொன்னது உண்மைதான். ஆனால் துணையை இழந்து தனியாக இருக்கும் கிழவருக்கு அந்தப் பதிலால் என்ன பயன்?

இங்கேதான் எனக்கு அந்த விவசாயிகளின் கோபம் புரிகிறது. உயிரோடு இருக்கும்போதே நிலத்தை மகனுக்குக் கொடுத்துவிட்டு ஏழு ஆண்டு பிழைத்திருந்தால் வரியே இல்லை. ஆனால் சாகும்வரை நிலத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் லாபம் என்று முப்பது ஆண்டுகளாக அவர்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் என்னைப் போன்ற கணக்கர்களும் வக்கீல்களும்தான். அன்றைய சட்டப்படி அந்த ஆலோசனை சரியானதே. அதை நம்பி எண்பத்தைந்து வயதுவரை பத்திரத்தைத் தன் பெயரில் வைத்திருந்தவரிடம், ஒன்றரை ஆண்டு கூட இல்லாத அவகாசத்தில் விதியை மாற்றிவிட்டு, "ஏழு ஆண்டு முன்னதாகக் கொடுத்திருக்கலாமே" என்பது நியாயமான பேச்சாகாது.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. 2025 டிசம்பர் 23 அன்று, முழு விலக்கின் எல்லையை 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் பவுண்டுக்கு உயர்த்துவதாக அறிவித்தது. தம்பதியர் சேர்ந்தால் 50 லட்சம். நாம் பார்த்த அதே 400 ஏக்கர் பண்ணைக்கு இப்போது வரி 1,70,000 பவுண்டு, ஆண்டுத் தவணை 17,000. வலிக்கும், ஆனால் 40,000 வருமானத்திலிருந்து கட்ட முடியும். 117 பெருஞ்சொத்துகளின் மீது கை வைக்க வேண்டும் என்றால் முதல் நாளே இந்த எல்லையை வைத்திருக்கலாம்; பதினான்கு மாதம் கிராமப்புறத்தைக் கொதிக்க வைத்ததற்குப் பதிலாகக் கிடைத்தது ஒன்றுமில்லை. எதிர்க்கட்சித் தலைவர் கெமி பேடனாக், தாங்கள் வந்தால் பழையபடி முழு விலக்கையே கொண்டுவருவோம் என்கிறார். அது அந்த 117 பேருக்கும் சேர்த்துக் கிடைக்கும் விலக்கு என்பதை அவர் அழுத்திச் சொல்வதில்லை.

இதை ஒரு நாள் அலுவலகத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, மாதவரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் வாடிக்கையாளர் ஒருவர், "ஏன் சார், அப்பன் சொத்து புள்ளைக்கு வர்றதுக்கு கவர்மென்ட்டுக்கு எதுக்கு சார் காசு?" என்று கேட்டார். நம் நாட்டிலும் அந்தக் காசு வாங்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை. 1953-ஆம் ஆண்டு எஸ்டேட் டியூட்டி சட்டம், உச்ச விகிதமாக 85 சதவீதம்வரை போனது. 1985-இல் நிதியமைச்சராக இருந்த வி.பி. சிங் அதை ஒழித்தார். வசூல் சுமார் 20 கோடி ரூபாய்தான், அதை வசூலிக்கும் செலவோ அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு 1998-இல் அன்பளிப்பு வரி போனது, 2015 பட்ஜெட்டில் சொத்து மதிப்பு வரியும் போனது. 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் காங்கிரஸ் பிரமுகர் சாம் பிட்ரோடா அமெரிக்க வாரிசு வரியைப் பற்றி ஒரு பேட்டியில் சொன்னதும், அது அவருடைய சொந்தக் கருத்து என்று காங்கிரஸ் அவசர அவசரமாக விலகிக்கொண்டதையும், பிரதமர் முதல் எல்லோரும் அதையே மேடைப் பேச்சாக்கியதையும் பார்த்தோம். அந்தப் பேச்சை எடுத்தாலே ஓட்டு போய்விடும் என்ற பயம் எல்லாக் கட்சிக்கும் பொது.

வாரிசு வரி இல்லாத நாட்டில் சொத்து எப்படிக் கைமாறுகிறது என்பதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சோழவரத்துக்கு அருகே நிலம் வைத்திருந்த ஓர் அம்மா, தம் மகனுக்குச் செட்டில்மென்ட் எழுதிவைத்தபோது நான் கூட இருந்தேன். வழிகாட்டி மதிப்பின்படி நிலம் 3 கோடி ரூபாய். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் என்பதால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், ஆனால் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணமும் ஒரு சதவீதம், 10,000 ரூபாயைத் தாண்டாது. டோக்கன் வாங்கி, கேமராவைப் பார்த்து, கைரேகைக் கருவியில் விரல் படியாமல் நான்கு முறை துடைத்துத் துடைத்து வைத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டு முடித்தபோது, சில்லறைக் கட்டணங்கள் நீங்கலாக அரசுக்குப் போனது 50,000 ரூபாய். அதே நிலத்தை வெளியார் ஒருவர் கிரயத்துக்கு வாங்கியிருந்தால் தீர்வையும் கட்டணமுமாக 9 சதவீதம், 27 லட்சம் ரூபாய் கட்டியிருப்பார். இந்த உச்சவரம்பு 2023 ஜூலைவரை 25,000-மும் 4,000-மும்தான்; அப்போது ஏற்றியதற்கே முணுமுணுப்பு இருந்தது.

அந்த அம்மாவுக்கு இந்தச் சலுகை வேண்டியதுதான். அவருடைய நிலம் 3 கோடி என்பது மனைப்பிரிவு போடுகிறவர் தரும் விலையே தவிர, நெல் தரும் விலை இல்லை. செலவு போக ஏக்கருக்குச் சில ஆயிரம் மிஞ்சினால் அந்த வருடம் நல்ல வருடம். பிரிட்டனில் வரி தப்ப வந்தவர்கள் நிலத்தின் விலையை விளைச்சலிலிருந்து பிரித்தார்கள்; செங்குன்றத்துக்கு வடக்கே அந்த வேலையை லேஅவுட்காரர்கள் செய்தார்கள். விலையின் மீது வரி போட்டால், விளைச்சலில் பிழைக்கிறவன் மாட்டிக்கொள்கிறான். இது இரண்டு ஊருக்கும் பொதுவான சிக்கல். ஆனால் 30 கோடி ரூபாய் வணிக வளாகத்தை மகனுக்கு எழுதிவைக்கிறவரும் அதே 50,000 ரூபாயோடு எழுந்து போகிறார் என்பதை யாரும் பேசுவதில்லை.

பரப்பளவைப் பொறுத்தவரை தமிழ்நாடு வேறு வழியில் போனது. 1961 சட்டம் 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று நில உச்சவரம்பு வைத்தது. 1970-இல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. பினாமியும் அறக்கட்டளையுமாக அதில் விழுந்த ஓட்டைகள் ஊரறிந்தவை. இருந்தாலும் இங்கே ஒரு நில உடைமையின் சராசரி 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ இரண்டு ஏக்கர் கூட இல்லை. இங்கிலாந்தில் சராசரிப் பண்ணை 80 ஹெக்டேருக்கு மேல். நம்மூரில் நிலவாரிசு என்றால் அரசுக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுவதே இல்லை, அண்ணன் தம்பிக்கு எவ்வளவு, அதைவிட முக்கியமாக அக்கா தங்கைக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. 1989-இலேயே தமிழ்நாடு பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்துவிட்டது. விடுதலைப் பத்திரத்தில் தங்கை கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரு பட்டுப்புடவையோடு திரும்புவது மட்டும் இன்னும் நின்றபாடில்லை.

இனி பள்ளிக் கட்டணம். இதில் பிரிட்டன் அரசின் வாதம் எளிமையானது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் சுமார் 7 சதவீதம்; அவர்களுடைய கட்டணத்துக்கு மட்டும் ஏன் வரிவிலக்கு? வரி விதித்தால் சில ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 180 கோடி பவுண்டு வரும், அதைக்கொண்டு அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களைச் சேர்க்கலாம் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தவரை கல்விக்கு வரிவிலக்குக் கட்டாயம். வெளியேறியதால்தான் பிரிட்டனுக்கு இது சாத்தியமாயிற்று. சிறிய மதப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்த்திருந்தவர்களும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோரும் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தள்ளுபடி செய்தது.

கொள்கையளவில் எனக்கு இதில் மறுப்பில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரிந்தே கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில், கொண்டுவந்ததுதான் அடாவடி. நில வரிக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம், கட்டணம் கட்டுகிறவர் கையில் பணம் இருக்கும்போது கட்டுகிறார் என்பது. பண்ணைக்காரரைப் போல விற்றால்தான் காசு என்ற நிலை அவருக்கு இல்லை. வரி விதிப்புக்கு உட்பட்டதும் பள்ளி தான் வாங்கும் பொருளுக்குச் செலுத்திய வரியைக் கழித்துக்கொள்ளவும் முடியும் என்பதால், கட்டணம் முழு 20 சதவீதம் ஏற வேண்டிய அவசியமும் இல்லை. நம் பள்ளிகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. ஆனால் மேசை நாற்காலிக்கும் கணினிக்கும் கட்டடத்துக்கும் கட்டிய ஜிஎஸ்டியை அவை திரும்பப் பெற முடியாது. ஆக, வரியில்லாத கட்டணம் என்று நாம் நினைப்பதற்குள்ளேயும் வரி ஒளிந்திருக்கிறது.

ஆனால் அந்த 7 சதவீதத்தை அப்படியே வடசென்னைக்குக் கொண்டுவந்து பொருத்தினால் தப்பாகிவிடும். இங்கே தனியார் பள்ளி என்பது வசதியின் அடையாளமாக இருந்து பல காலமாகிறது. வியாசர்பாடியிலும் கொடுங்கையூரிலும் ஆட்டோ ஓட்டுகிறவரும் துறைமுகத்தில் கூலிக்குப் போகிறவரும் வட்டிக்கு வாங்கி மெட்ரிக் பள்ளிக்குக் கட்டுகிறார்கள். அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி என்று நாளை ஒருவர் சொன்னால் நானே கொடி பிடிப்பேன். நாம் கட்டணத்தை வரியால் அணுகவில்லை, 2009-ஆம் ஆண்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டத்தால் அணுகினோம். நீதிபதி கோவிந்தராஜன் குழு பள்ளிவாரியாகக் கட்டணம் நிர்ணயித்தபோது எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டம் ஏட்டில் எப்படி, நடப்பில் எப்படி என்பதை நான் பார்ப்பது ரசீதுகளில்தான். சென்ற ஆண்டு ஒருவர் கொண்டுவந்த ரசீதில் கல்விக் கட்டணம் 18,000 ரூபாய். அதற்குக் கீழே ஸ்மார்ட் கிளாஸ், ஆக்டிவிட்டி, ஆண்டு விழா, "இதர" என்று வரிசையாக ஏறி மொத்தம் 46,000. இது போகத் துண்டுச் சீட்டில் எழுதித் தந்த ஒரு தொகை; அதற்கு ரசீதே கிடையாது.

அவர் அந்த ரசீதை என்னிடம் கொண்டுவந்த காரணமே, பிரிட்டனுக்கு நேர் எதிரான ஓர் ஏற்பாடு நம்மிடம் இருப்பதுதான். இரண்டு பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளப் பழைய வரி முறை அனுமதிக்கிறது. 80சி என்று எல்லோரும் சொல்லும் அந்த 1,50,000 ரூபாய்க் கழிவுக்குள் அதுவும் அடக்கம். அவர்கள் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரி போட்டார்கள். நாம் அதைக் கட்டுகிறவருக்கு வரியைத் தள்ளிக்கொடுத்தோம். அதிலும் யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். 30 சதவீத விகிதத்தில் இருப்பவர் ஒரு லட்ச ரூபாய் கட்டணம் காட்டினால் மேல்வரியோடு 31,200 ரூபாய் மிச்சம். 20 சதவீத விகிதத்தில் இருப்பவருக்கு அதே லட்சத்துக்கு 20,800. வரிக்கணக்கே இல்லாத ஆட்டோக்காரருக்கு ஒரு காசும் இல்லை. புதிய வரி முறையில் இந்தக் கழிவு கிடையாது என்பதால் அது தானாகவே தேய்ந்துகொண்டிருக்கிறது. எந்த ஊர்வலமும் நடக்கவில்லை. ரீவ்ஸ் இதைக் கவனித்திருக்கலாம்.

எனக்கு ஆற்றாமை எல்லாம் கோச்சிங் கட்டணத்தின் மீதுதான். ஆண்டுக்குப் பல லட்சம் வாங்கும் சர்வதேசப் பள்ளியின் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. மாநகராட்சிப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த தண்டையார்பேட்டைப் பெண், நீட் எழுதத் தனியார் பயிற்சி மையத்தில் சேர்ந்தால் 18 சதவீதம். தெருவில் ட்யூஷன் எடுக்கும் ஆசிரியை 20 லட்சம் ரூபாய் வரவுக்குள் இருப்பதால் தப்பித்துவிடுவார், பெரிய மையம் தப்பாது. தேர்வு வைக்கிறவர்கள் அந்தப் பெண்ணைத் தள்ளுவதோ பெரிய மையத்தை நோக்கித்தான். தனியார் கல்விக்கு வரி போடலாமா கூடாதா என்று பிரிட்டன் பாராளுமன்றத்தில் மாதக்கணக்கில் வாதாடினார்கள். நாம் வாதாடாமலேயே போட்டுவிட்டோம், அதுவும் தப்பான இடத்தில்.

மாதவரத்துக்காரர் மறுபடியும் வந்தபோது, இங்கே இந்த வரி வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். விவசாய நிலத்தின் மீதான எஸ்டேட் வரியும் வாரிசுத் தீர்வையும் அரசமைப்புச் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. டெல்லியைக் கேட்க வேண்டியதில்லை, கோட்டையில் இருக்கும் சட்டமன்றமே நினைத்தால் போடலாம்; நினைக்காது. அத்தனை தூரம் போகவும் தேவையில்லை என்பது என் யோசனை. 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செட்டில்மென்ட்டுக்கு மட்டும் அந்த 40,000 ரூபாய் உச்சவரம்பை எடுத்துவிட்டு, எல்லையைத் தாண்டிய மதிப்புக்கு ஒரு சதவீதத்தை முழுதாக வாங்கலாம்; 30 கோடி வளாகத்துக்கு 25 லட்சம் கூடுதலாக வரும், சோழவரத்து அம்மாவுக்கு ஒரு ரூபாயும் கூடாது. விளைநிலமாக இருந்தால் பிரிட்டனைப் போலவே பத்து ஆண்டுத் தவணை, வட்டி வேண்டாம். அந்தப் பத்து ஆண்டுக்குள் வாரிசு அதை மனைப்பிரிவாக்கி விற்றால் தவணைச் சலுகை ரத்தாகி, மீதித் தொகை முழுவதையும் கட்டிய பிறகுதான் முதல் மனை பதிவாக வேண்டும்.